ஆங்கிலத்துக்குள் மறைந்திருக்கும் மந்திரச் சொற்கள்: எடிமான்லைன் அகராதி எப்படி?

தினமும் புழங்கும் ஆங்கிலச் சொற்களில் எவையெல்லாம் ஒரு காலத்தில் மந்திரவாதியின் வாயில் இருந்தவை என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுபவர்களுக்கு நான் முதலில் கைகாட்டுவது எடிமான்லைன் என்ற இணைய அகராதியைத்தான். இலவசம், ஆப்பும் உண்டு. டக்ளஸ் ஹார்ப்பர் என்ற அமெரிக்கர் பெரும்பகுதியைத் தனி ஆளாக உட்கார்ந்து தொகுத்திருக்கிறார். ஒரு சொல் எங்கிருந்து கிளம்பியது, எந்த மொழி வழியாக வந்தது, எப்போது பொருள் மாறியது, இதெல்லாம்தான் இங்கே கிடைக்கும்.

'ஸ்பெல்' என்று தேடிப் பாருங்கள். ஒரே சொல்லுக்குத் தனித்தனியாகப் பல பதிவுகள் வரும். பழைய ஆங்கிலத்தில் இதற்குப் பேச்சு, கதை என்றுதான் பொருள். 'காஸ்பெல்' என்பதில் ஒட்டிக்கொண்டிருப்பதும் அந்த ஸ்பெல்தான், நல்ல சேதி என்ற பொருளில். மந்திர உச்சாடனம் என்ற பொருள் 1570களில்தான் எழுத்தில் வருகிறது. எழுத்துக்கூட்டிச் சொல்லும் ஸ்பெல், பழைய பிரெஞ்சு வழியாக ஊர் சுற்றிவிட்டு வந்தாலும் அடியில் இருப்பது அதே ஜெர்மானிய வேர்தான். ஆனால் 'டிரை ஸ்பெல்' என்று மழையில்லாத நாட்களைச் சொல்கிறோமே, பந்துவீச்சாளர் ஒரு ஸ்பெல் போட்டார் என்கிறோமே, அதற்கும் மந்திரத்துக்கும் சம்பந்தமே கிடையாது. ஒருவருக்குப் பதிலாக இன்னொருவர் நின்று வேலை பார்ப்பதைக் குறித்த வேறொரு பழைய சொல் அது. சாதாரண அகராதியைப் புரட்டும்போது இந்தப் பிரிவு சட்டென்று கண்ணில் படாது.

அப்புறம் 'கிளாமர்'. நடிகைகளைப் பற்றிப் பேசும்போது வரும் அதே கிளாமர்தான், 'கிராமர்' என்ற சொல்லின் ஸ்காட்லாந்துத் திரிபு! படிப்பு என்றாலே மறைவித்தையும் அதில் அடக்கம் என்று ஜனங்கள் நினைத்த காலம் அது, அதனால் இலக்கணம் என்ற சொல்லே கண்கட்டு வித்தையைக் குறிக்கும் அளவுக்குப் போய்விட்டது. 1720இல் இந்த வடிவம் எழுத்தில் கிடைக்கிறது, வால்டர் ஸ்காட் எழுத்துகளால் பரவுகிறது, மயக்கும் அழகு என்ற இன்றைய பொருள் 1840இல்தான். 'சார்ம்' லத்தீன் மொழியில் பாட்டைக் குறிக்கும் 'கார்மென்' என்ற சொல்லிலிருந்து வந்தது. ரிப்பேரான பொருள் சட்டென்று சரியானால் 'வொர்க்ட் லைக் எ சார்ம்' என்கிறார்களே, அங்கே மந்திரப் பாட்டு இன்னும் உயிரோடு இருக்கிறது. இன்று மனதைக் கவர்வதைச் சொல்லும் 'ஃபாசினேட்' என்றால் முதலில் சூனியம் வைப்பது.

எனக்கு இந்தத் தளத்தில் மிகவும் பிடித்தது, தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் நேர்மை. சொற்பிறப்பு என்ற பெயரில் இணையத்தில் சுற்றும் கட்டுக்கதைகளுக்குக் கணக்கே இல்லை. வித்தைக்காரர்கள் சொல்லும் 'ஹோகஸ் போகஸ்' தேவாலயத்தில் பாதிரியார் சொல்லும் லத்தீன் வாசகத்தின் கேலி வடிவம் என்று பலரும் அடித்துச் சொல்வார்கள். இங்கே அது அனுமானமாகத்தான் தரப்படுகிறது, அதை முதலில் சொன்னவர் 17ஆம் நூற்றாண்டு ஆயர் ஜான் டில்லட்சன் என்ற குறிப்போடு. 'அப்ரகடப்ரா' அரமேய மொழியில் 'சொல்வதைப் படைக்கிறேன்' என்று பொருள்படும் என்ற கதையும் அப்படித்தான் பரவிக்கிடக்கிறது, உறுதியான சான்று இல்லை. சான்று இருப்பது வேறு விஷயத்துக்கு: பழைய ரோமானிய எழுத்தாளர் செரினஸ் சம்மோனிகஸ் தன் லத்தீன் மருத்துவப் பாடலில், இந்தச் சொல்லை வரிக்கு ஒரு எழுத்தாகக் குறைத்து முக்கோணமாக எழுதி, காய்ச்சல்காரரின் கழுத்தில் கட்டச் சொல்கிறார்.

குறை இல்லாமல் இல்லை. பதிவுகள் ரொம்பவே சுருக்கமானவை, நட்சத்திரக் குறி போட்ட வேர்ச்சொற்களைப் பார்த்துப் புதிதாக வருபவர்கள் மிரண்டுபோவார்கள் (அந்தக் குறி, எழுத்தில் கிடைக்காமல் அறிஞர்கள் ஊகித்து அமைத்த வடிவம் என்று காட்டுகிறது). ஆண்டுகளையும் கவனமாகப் படிக்க வேண்டும். துரதிர்ஷ்டம் கொண்டுவருவதைக் குறிக்கும் 'ஜிங்க்ஸ்' பக்கத்தில் 1911 என்றிருந்தால் அது அமெரிக்க பேஸ்பால் பேச்சில் அந்தச் சொல் எழுத்தில் சிக்கிய ஆண்டு, பிறந்த ஆண்டு இல்லை. ஒரு சொல்லை நூற்றாண்டு வாரியாக யார் யார் எப்படி எழுதினார்கள் என்ற மேற்கோள் வரிசை வேண்டுமென்றால் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிக்குத்தான் போக வேண்டும், அதை முழுதாகப் பார்க்கச் சந்தா கட்டணும். இன்றைய வாக்கியத்தில் எந்தச் சொல் எங்கே பொருந்தும் என்பதையும் எடிமான்லைன் சொல்லித்தராது, அதற்கு வழக்கமான அகராதி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மொழிபெயர்ப்பவர்கள், ஆங்கிலம் கற்றுக்கொடுப்பவர்கள், சொற்களில் ஆர்வமுள்ள பிள்ளைகள் எல்லோருக்கும் தயங்காமல் சொல்வேன். கிளாமரில் தொடங்குங்கள், அங்கிருந்து மந்திரப் புத்தகத்தைக் குறிக்கும் 'கிரிமோயர்' பக்கத்துக்குப் போங்கள், அதுவும் பிரெஞ்சு வழியாக வந்த அதே இலக்கணம்தான்.