ஓடாத லான்ட்மாஸ்டரை முழுதாக வாங்குவதா, சாமானை ஒவ்வொன்றாகத் தேடுவதா?

எங்கள் தோட்டம் நீர்வேலியில். ஒன்பது பரப்புச் செம்மண் (அரை ஏக்கருக்குச் சற்றுக் கூட), வாழையும் வெங்காயமும். உழுவது அப்பா காலத்து ஜப்பான் லான்ட்மாஸ்டர். அந்தப் பெயர் ஒரு பிரித்தானியக் கம்பனியுடையது. எங்கள் ஊரில் எந்த நாட்டில் செய்த இருசக்கர உழவு இயந்திரமும் லான்ட்மாஸ்டர்தான்.

போன வருடம் வெங்காய நடுகைக்கு முன்னர் இரண்டாம் கியரில் கடகட என்று சத்தம் கேட்டது. பிறகு கியர் நிற்காமல் கழன்று விழுந்தது. பெட்டியைத் திறந்தால் ஒயில் பால் தேநீர் நிறத்தில் இருந்தது, இரண்டு பற்சில்லுகளில் பற்கள் உடைந்திருந்தன. அச்சில் நைலோன் கயிறு சுற்றி, ஒயில் ஒழுகாமல் அடைக்கும் வளையத்தை (ஒயில் சீல்) வெட்டியிருக்கிறது; அந்த வழியால் தண்ணீரும் மண்ணும் உள்ளே போயிருக்கின்றன.

புது இயந்திரம் ஒன்பது பரப்புக்குக் கட்டாது. மிச்சம் மூன்று வழிகள்: லேத்தில் கியர் வெட்டுவிப்பது, பழைய சாமான் கடைகளில் ஒவ்வொன்றாகத் தேடுவது, அதே மாதிரி ஓடாத இயந்திரம் ஒன்றை முழுதாக வாங்கிக் கழற்றுவது. நான் மூன்றாவதைச் செய்தேன். இன்னொரு முறை வந்தாலும் அதையே செய்வேன்.

லேத்தில் பல்லை அளவாக வெட்டித் தருவார்கள். ஆனால் பல்லின் மேற்பரப்பு கடினமாகவும் உட்பகுதி அடியைத் தாங்குவதாகவும் இருக்க வேண்டும். அந்தச் சூட்டு வேலை பிழைத்தால் புதுப் பல்லே சீக்கிரம் தேயும். ஒரு புஷ், ஒரு அச்சு முனை என்றால் லேத்துக்குத் தயங்காமல் போகலாம்.

பழைய சாமானுக்குக் கொழும்பில் பஞ்சிகாவத்தை இருக்கிறது. தெரிந்தவர் மூலம் படம் அனுப்பிக் கேட்டேன். ஒரு சில்லு இருக்கிறது, அதன் ஜோடி இல்லை என்று பதில் வந்தது. நான் முடிவெடுத்தது அந்தப் பதிலில்தான்.

கியர்ப் பெட்டிக்குள் எந்தச் சில்லும் தனியாகத் தேய்வதில்லை. எதிர்ப் பல் எப்படி உரசுகிறதோ அந்த வாக்கில்தான் இதுவும் தேயும். பல வருடம் ஒன்றாக ஓடிய சோடியில் ஒன்றை எடுத்து, வேறு இயந்திரத்தில் தேய்ந்த ஒன்றை வைத்தால் இரண்டும் சரியாகக் கடிக்காது. சத்தம் வரும், பல்லின் முகத்தில் குழி விழும், நல்லதாக இருந்த சில்லும் சேர்ந்து கெடும். கியர் மாற்றும் கவையும் அப்படித்தான். அது ஓடும் பள்ளத்தோடு சேர்ந்து தேய்ந்திருக்கும். அச்சின் ஆட்டத்தைச் சரிக்கட்டப் போடும் மெல்லிய தகடுகளை எத்தனை, எந்தப் பக்கம் என்று கடைக்காரர் சொல்லித் தர முடியாது. முழு இயந்திரத்தில் இவை எல்லாம் சோடியாக, இருக்க வேண்டிய இடத்திலேயே வருகின்றன. கழற்றும்போது படிக்குப் படி படம் எடுத்தேன். பூட்டும்போது அந்தப் படங்கள்தான் கை கொடுத்தன.

கராஜ் அண்ணை ஒரே ஒரு புத்தி சொன்னார்: “தம்பி, அது என்ன வருத்தத்தில செத்தது எண்டு முதல் கேள்.” அவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டே தேடினேன். பரந்தன் பக்கம் ஒரு வயல்காரரிடம் கிடைத்தது, தண்ணீர் வற்றிப் பிஸ்டன் சிக்கிய இயந்திரம். எஞ்சின் போயிருந்தது, கியருக்கு ஒன்றுமில்லை. விலை பேசுவதற்கு முன் வடிகால் போல்டைக் கழற்றிக் கொஞ்ச ஒயிலை விரல்களுக்கு இடையில் தேய்த்துப் பார்த்தேன். இரும்புத் தூளும் இல்லை, பால் நிறமும் இல்லை. வெளிச் சக்கரத்தைக் கையால் சுற்றி ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்த்த பிறகுதான் காசைக் கொடுத்தேன்.

ஆனால் அதிலிருந்து எல்லாவற்றையும் எடுக்கக் கூடாது. பெயாரிங்கும் ஒயில் சீலும் புதிதாகவே போட்டேன். 6205 என்று நம்பரைச் சொன்னால் உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, அகலம் 15 மி.மீ.; எந்தக் கம்பனிப் பெயாரிங்கும் அதே அளவுதான். எரிபொருள் பம்பை எடுப்பதென்றால் சோடியாகவே எடுக்க வேண்டும்: டீசலைத் தள்ளும் தண்டும் (பிளஞ்சர்) அது ஓடும் குழலும் (பரல்) மில்லிமீற்றரில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு இடைவெளியில் பொருத்தியவை. ஒன்றை இங்கும் மற்றதை அங்கும் எடுத்துக் கலந்தால் டீசல் ஒழுகும், எஞ்சின் பிடிக்காது.

உங்களிடம் இருப்பது சீன டொங்ஃபெங் வகையாக இருந்தால் கணக்கு மாறும். அதில் வரும் எஸ்195 எஞ்சினை (95 மி.மீ. விட்டம், 12 குதிரைவலு) பல கம்பனிகள் ஒரே அளவில் செய்வதால், லைனர், பிஸ்டன் எல்லாம் புதிதாகவே வாங்கலாம். எஞ்சின் வேலைக்கு மட்டும் என்றால் இன்னொரு இயந்திரம் வாங்குவது வீண். மசி (மாஸி பெர்குசன்) என்ற நான்கு சக்கர உழவு இயந்திரத்துக்கு இது சரிவருமா என்று கேட்டால், நான் கழற்றியது லான்ட்மாஸ்டர் மட்டுமே. அதுவும் பூட்டி ஒரு போகம்தான் உழுதிருக்கிறேன்.

இன்னொன்று, இயந்திரத்தின் பதிவுப் புத்தகம். நான் எடுத்தது கியர்ச் சாமான் மட்டும், அதனால் பதிவில் சிக்கல் இல்லை. எஞ்சினையே தூக்கி மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் எஞ்சின் இலக்கத்தையும் மாற்றிப் பதிய வேண்டும். எதற்கும் விற்பவரிடம் புத்தகத்தைப் பார்த்து, கையெழுத்தோடு ஒரு கடிதம் வாங்கி வையுங்கள்.

1990களில் பொருளாதாரத் தடை இருந்தபோது டீசலோ உதிரிப்பாகமோ யாழ்ப்பாணத்துக்குள் வராது. அப்போது இரண்டு இயந்திரத்தைக் கழற்றி ஒன்றை ஓட வைத்ததாக அப்பா சொல்வார். அந்தப் பழக்கத்தால்தானோ என்னவோ, மிச்சச் சாமானை இரும்புக்குப் போட எனக்கு மனம் வரவில்லை. வெறும் பெட்டியும் இரண்டு அச்சும் கைபிடியும் கிறீஸ் பூசி ஓலைக் கொட்டிலில் கிடக்கின்றன. போன கிழமை இணுவிலில் இருந்து ஒருவர் இடப்பக்க அச்சைக் கேட்டு வந்தார். அளந்து பார்த்தோம், அவருடையதற்குச் சரியாக இருந்தது. கொடுத்துவிட்டேன்.