மணி அடித்தால் எழுந்து போக வேண்டும்: ஹாலோவீன் பேய்ப் படங்களோடு 12 வருடம்

ஹாலோவீன் இரவில் எந்தப் பேய்ப் படம் பார்க்கலாம் என்று யாராவது கேட்டால், "உங்கள் வீட்டில் மிட்டாய் கொடுப்பது யார்?" என்றுதான் நான் முதலில் கேட்பேன். எங்கள் வீட்டில் அது என் வேலை. அக்டோபர் 31 மாலை 6 மணிக்கு வாசல் விளக்கைப் போட்டால் 8 மணிக்குத்தான் அணைப்பேன். வேஷம் போட்டுக்கொண்டு வீடு வீடாக மிட்டாய் கேட்டு வரும் இங்கத்துப் பிள்ளைகளுக்கு, விளக்கு எரிகிற வீட்டில் மிட்டாய் உண்டு என்று தெரியும். அந்த இரண்டு மணி நேரத்தில் காலிங் பெல் குறைந்தது நாற்பது முறை அடிக்கும். சோபாவிலிருந்து எழுந்து, வாளியைத் தூக்கிக்கொண்டு போய், ஒரு டைனோசருக்கும் இரண்டு இளவரசிகளுக்கும் சாக்லேட் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால், பயம் விட்ட இடத்திலேயே காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருக்கிற படங்கள் மிகக் குறைவு.

நாங்கள் 2013 முதல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், பிட்ஸ்பர்க்குக்குக் கிழக்கே மன்ரோவில் பக்கம் இருக்கிறோம். நம்மவர்களுக்கு இந்த இடம் பென் ஹில்ஸ் வெங்கடேஸ்வரர் கோயிலால்தான் பழக்கம். பேய்ப்பட ரசிகர்களுக்கு இது வேறு வகையில் திருத்தலம். அதை அப்புறம் சொல்கிறேன்.

முதல் வருடம் ஆர்வக்கோளாறில் 'தி எக்ஸார்சிஸ்ட்' போட்டேன். 1973-இல் வந்த, பேய் பிடித்த ஒரு சிறுமியைப் பற்றிய, எல்லோரும் நடுங்கியதாகச் சொல்லப்படுகிற படம். சரியான சொதப்பல். படம் மேல் குற்றமில்லை. முதல் ஒரு மணி நேரம் டாக்டர், பரிசோதனை, மறுபடி டாக்டர் என்று நிதானமாகப் போகும். அந்த நிதானம்தான் பின்னால் வரும் பயத்துக்கு அடித்தளம். அதில் பத்து முறை எழுந்து போய் வந்தால் அடித்தளமே இருக்காது. கட்டில் ஆடும்போது, 'இது எதுக்கு ஆடுது?' என்ற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன்.

2016-இல் அம்மா கும்பகோணத்திலிருந்து வந்திருந்தபோது, மணி அடிக்காத ஒரு சனிக்கிழமை அதையே முழுதாகப் பார்த்தோம். ஆடி மாதம் சாமியாடுவதைப் பார்த்தே வளர்ந்தவர் அவர். அந்தச் சிறுமி கட்டிலில் கிடந்து உறுமிய இடத்தில், "பாவம்டா, கட்டிப் போடாம மூஞ்சில தண்ணி தெளிச்சு உக்கார வைக்கக் கூடாதா?" என்று வைத்தியம் சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டார்.

அதே அம்மா மறுநாள் ஞாயிறு மதியம் ஜான் கார்ப்பென்டரின் 'ஹாலோவீன்' படத்தை அரைக்கண்ணால் பார்த்தார். கதாநாயகியும் தோழியும் பள்ளி விட்டு நடந்து வருவார்கள். நல்ல வெயில். தெருவோர வேலிப் பக்கம் முகமூடி போட்ட ஒருவன் சும்மா நிற்பான். பின்வாங்கி மறைவான். தோழி போய் எட்டிப் பார்த்தால் ஆள் இருக்க மாட்டான். அவ்வளவுதான் காட்சி. திங்கட்கிழமை காலை நான் எழுந்து வந்தபோது சமையலறை ஜன்னல் திரை இழுத்து மூடியிருந்தது. "அந்தப் பக்கத்து வீட்டு வேலி சரியில்லடா" என்றார் அம்மா. ஊருக்குத் திரும்பும்வரை அந்தத் திரையைத் திறக்க விடவில்லை.

1978-இல் வந்த இந்தப் படம் எங்கள் வீட்டில் அநேகமாக ஒவ்வொரு வருடமும் ஓடுகிறது. 91 நிமிடம், பெரும்பாலும் ஒரே தெரு, ஒரே இரவு. எந்த இடத்தில் எழுந்து போனாலும் திரும்பி வரும்போது அவன் எங்கேயோ நின்றுகொண்டுதான் இருப்பான். அதற்கு மேல், வாசலில் உண்மையாகவே முகமூடி போட்டவர்கள் வந்து நிற்கிற இரவு அது. படத்துக்குள் இருக்கும் பிள்ளைகளும் ஹாலோவீன் அன்று டிவியில் பேய்ப் படம்தான் பார்க்கிறார்கள். அவர்கள் பார்ப்பது 1951-இல் வந்த ஒரு படம். பின்னாளில், 1982-இல், கார்ப்பென்டரே அதைத் தன் போக்கில் மறுபடி எடுத்தார்.

திரும்பத் திரும்பப் பார்த்தால் படத்தின் ஏழ்மை கண்ணில் படும். செலவு சுமார் 3 லட்சம் டாலர். கதை நடப்பது இல்லினாயில், இலையுதிர் காலத்தில். எடுத்ததோ தெற்குக் கலிபோர்னியாவில், வசந்த காலத்தில். சாயம் பூசிய இலைகளைத் தெருவில் தூவி, ஷாட் முடிந்ததும் பொறுக்கிச் சேர்த்து அடுத்த ஷாட்டுக்கு மறுபடி தூவியிருக்கிறார்கள். மூன்றாம் வருடம்தான் ஒரு மூலையில் பனைவகை மரம் ஒன்று நிற்பதைக் கண்டுபிடித்தேன். கொலைகாரனின் முகமூடி, 'ஸ்டார் ட்ரெக்' விண்வெளித் தொடரின் கேப்டன் கிர்க்கின் முகம். இரண்டு டாலர்கூட ஆகாத அதை வாங்கி, வெள்ளையடித்து, கண் ஓட்டையைப் பெரிதாக்கியிருக்கிறார்கள். இதெல்லாம் தெரிந்தபிறகு பயம் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை.

காரணம் அந்த இசை. அதுவும் கார்ப்பென்டர் போட்டதுதான். அவருடைய அப்பா பாங்கோஸ் என்ற சின்ன இரட்டை மேளத்தில் கற்றுக்கொடுத்த ஐந்து எண்ணிக்கைத் தாளம் அது. இரண்டு வருடம் முன்பு என் மகள் படம் ஆரம்பித்ததும் சோபாக் கைப்பிடியில் தட்ட ஆரம்பித்தாள். தகிட தகிட தக தக. தகிட தகிட தக தக. "அப்பா, இது கண்டம்ப்பா. பத்துல வருது." அவள் மிருதங்கம் படிக்கிறாள்; கண்டம் என்றால் ஐந்து எண்ணிக்கை, இரட்டித்தால் பத்து. எனக்குப் பத்து வருடமாக வயிற்றைப் பிசைந்துகொண்டிருந்த விஷயத்தை அவள் பத்து விநாடியில் எண்ணி முடித்துவிட்டாள். நான்கு நான்காகவே கேட்டுப் பழகிய காதுக்கு அந்த மெட்டு கால் வைக்க இடம் தராது. நமக்குக் கண்டச் சாபு பழக்கம்தான், ஆனாலும் பியானோவில் அந்த வேகத்தில் வந்தால் நமக்கும் தடுக்குகிறது.

சரி, திருத்தலத்துக்கு வருகிறேன். ஜார்ஜ் ரொமேரோ பிட்ஸ்பர்க்கில் படித்து, இங்கேயே விளம்பரப் படங்களும், குழந்தைகளுக்கான மிஸ்டர் ராஜர்ஸ் நிகழ்ச்சிக்குக் குறும்படங்களும் எடுத்துக்கொண்டிருந்தவர். அவர் 1968-இல் எடுத்த 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' செத்தும் எழுந்து நடக்கிற பிணங்களைக் காட்டும் இன்றைய ஜாம்பிப் படங்கள் அத்தனைக்கும் மூலவர். (வேடிக்கை என்னவென்றால் அந்தப் படத்தில் ஜாம்பி என்ற சொல்லே வராது.) தொடக்கக் காட்சியின் மயானம் எவன்ஸ் சிட்டியில் இருக்கிறது. ஒரு ஞாயிறு போய்ப் பார்த்தோம். மேட்டு நிலம், புல், அமைதி. பயப்பட ஒன்றும் இல்லை. படத்திலும் அப்படித்தான் ஆரம்பிக்கும். அண்ணனும் தங்கையும் அப்பா கல்லறையில் பேசிக்கொண்டிருக்க, பின்னால் ஒருவர் தள்ளாடி நடந்து வருவார். நாமும் அவரை வேறு யாரோ உறவினர் என்றுதான் நினைப்போம்.

இந்தப் படத்தை நான் ஏழு முறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் கதை மாறுகிறது. பிணங்கள் சூழ்ந்த பண்ணை வீட்டுக்குள் இரண்டு ஆண்கள் சண்டை போடுவார்கள். நிலவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம் என்பார் சிடுசிடுப்பான ஹாரி. மேலேயே இருந்து ஜன்னல்களைப் பலகை அடித்து மூடலாம் என்பார் பென். முதல் சில வருடம் நான் பென் கட்சி. நிதானமானவர், வேலை தெரிந்தவர். நாலாம் முறையோ ஐந்தாம் முறையோதான் உறைத்தது: கடைசியில் பென் உயிர் பிழைப்பது அதே நிலவறைக்குள் ஒளிந்துதான். எரிந்து விழுகிற அந்த ஆள் சொன்னது சரி! விடிந்ததும் பென் மேலே வர, பிணங்களை வேட்டையாட வந்த கூட்டம் அவரையும் ஒரு பிணம் என்று சுட்டுவிடுகிறது. பென்னாக நடித்த டுவேன் ஜோன்ஸ் கறுப்பினத்தவர். படம் வெளியான அதே வருடம் ஏப்ரலில்தான் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். முதல் தடவை அந்த முடிவு எனக்குத் திடீர்த் திருப்பமாகத் தெரிந்தது. இப்போதெல்லாம் அந்தத் துப்பாக்கிக் கூட்டம் வயலில் சாவகாசமாக நடந்து வரும்போதே வயிறு கலங்க ஆரம்பித்துவிடுகிறது.

இதை எங்கே பார்ப்பது என்பது முக்கியம். விநியோகஸ்தர் படத்தின் பெயரை மாற்றியபோது காப்புரிமை அறிவிப்பை விட்டுவிட்டதால், படம் யார் வேண்டுமானாலும் வெளியிடலாம் என்றாகிவிட்டது. அதனால் இலவசமாக எங்கும் கிடைக்கும், பெரும்பாலும் பத்து தடவை தோய்த்த வேட்டி மாதிரி வெளுத்துப்போன பிரதி. நானும் நான்கு வருடம் அதில்தான் பார்த்தேன். பிறகு, 2018-இல் வந்த, மீட்டெடுத்த பிரதியின் டிஸ்க்கை வாங்கினேன். கறுப்பும் வெள்ளையும் தனித்தனியாகத் தெரிந்தன. ஜன்னல் பலகைக்கு வெளியே முகங்கள் இருப்பதே அப்போதுதான் தெரிந்தது. வண்ணம் சேர்த்த பிரதிகளும் உண்டு. தொடாதீர்கள்.

ரொமேரோவின் அடுத்த ஜாம்பிப் படமான 'டான் ஆஃப் தி டெட்' எடுக்கப்பட்டது எங்கள் ஊர் மன்ரோவில் மாலில், கடைகள் மூடிய பிறகு இரவு இரவாக. கோயிலில் தரிசனம், புளியோதரை, அப்புறம் மாலில் பிள்ளைக்குச் செருப்பு என்று பல சனிக்கிழமைகள் அங்கே கழிந்திருக்கின்றன. படத்தில் செத்தவர்கள் எஸ்கலேட்டரில் தடுமாறுவதைப் பார்த்து என் மனைவி, "ஏங்க, தள்ளுபடி அன்னைக்கு நாமளும் இப்படித்தான் இருந்தோம்" என்றாள். படம் சொல்ல வந்ததும் கிட்டத்தட்ட அதுதான். ஆனால் இது 127 நிமிடம், ரத்தம் பெயின்ட் மாதிரி பளிச்சென்று இருக்கும், மிட்டாய் இரவுக்குச் சரிவராது. முந்தைய சனிக்கிழமைக்கு வைத்துக்கொள்கிறோம்.

மாஹேயில் பிறந்து பிலடெல்பியா பக்கம் வளர்ந்த இயக்குநர் ஷியாமளனின் 'தி சிக்ஸ்த் சென்ஸ்' பட்டியலில் இருந்தது, இப்போது இல்லை. முதல் தடவையைவிட இரண்டாவது தடவை நன்றாக இருக்கும் அபூர்வமான படம். யார் யாருக்குப் பதில் சொல்கிறார்கள் என்று கவனித்துக்கொண்டே இருக்கலாம். மூன்றாவது தடவை கவனிக்க எதுவும் மிச்சமில்லை. மகள் சின்னவளாக இருந்தபோது சார்லி பிரவுன் என்ற சிறுவனின் பூசணிக்காய்க் கார்ட்டூன் ஓடியது. 25 நிமிடம், 1966-இல் வந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் மிட்டாய் விழ, அவன் பைக்குள் மட்டும் கல் விழும். பேய்க்கு அழாத என் மகள் அதற்கு அழுதாள்.

ஒரு வருடம், மாலை 6 மணிக்குப் பிள்ளைகள் வாசலில் நிற்க, நான் சந்தா கட்டும் ஸ்ட்ரீமிங் செயலியில் 'ஹாலோவீன்' காணாமல் போயிருந்தது. முந்தின வாரம் இருந்தது. வாடகைக்கு எடுக்கலாம் என்று போனால் கடவுச்சொல் மறந்துவிட்டது. அன்றிலிருந்து எல்லாம் டிஸ்க்தான். சப்டைட்டிலையும் போட்டுவிடுங்கள், வாசலில் நின்றபடியே எட்டிப் படித்துக்கொள்ளலாம்.

2024-இல் தீபாவளியும் அக்டோபர் 31 அன்றே வந்தது. வாசல் படியில் கண் வாய் வெட்டிய பூசணிக்காயும் அதன் பக்கத்தில் ஐந்து அகல் விளக்கும் இருந்தன. வீடியோ காலில் பார்த்த அம்மா, "திருஷ்டிப் பூசணி நல்லாத்தான் இருக்கு, வாசல்ல வைக்காம மேல கட்டு" என்றார். அப்புறம் போனைக் கொஞ்சம் திருப்பச் சொன்னார். நான் தெருவைக் காட்டினேன்.

"அது இல்லடா. அந்த வேலியக் காட்டு."