நோட்டோ செரிஃப் தமிழா, நோட்டோ சான்ஸ் தமிழா? நீண்ட நாள் பயன்பாட்டுக்குப் பிறகு

நோட்டோ செரிஃப் தமிழ், நோட்டோ சான்ஸ் தமிழ் இரண்டும் கூகுளின் இலவச எழுத்துருக்கள். இணையதளத்தில் எதை எங்கே வைப்பது என்பதே கேள்வி. செரிஃப் என்றதும் நினைவுக்கு வரும், ஆங்கில எழுத்தின் முனைகளில் உள்ள சிறு கால்கள் தமிழ் எழுத்துக்கு இயல்பானவை அல்ல. தமிழில் செரிஃப் என்றால் முக்கியமாகக் கோடு தடித்தும் மெலிந்தும் ஓடுவதுதான். சான்ஸில் கோடு ஏறக்குறைய ஒரே தடிமனில் போகும். இணையதளத்தில் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை அந்த மெலிந்த கோட்டால்தான்.

1366 × 768 திரையுள்ள மடிக்கணினியில் 15 பிக்சலில் செரிஃப் வைத்தால் ண, ன, ணை ஆகியவற்றின் சுழிகள் சாம்பல் பூத்துக் கரைந்துவிடும். அதே எழுத்துரு, புள்ளியடர்த்தி மிகுந்த கைபேசித் திரையில் 18 பிக்சலில் அச்சுப் புத்தகம் போல அழகாக நிற்கும். ஆகவே நீண்ட கட்டுரைக்கு 18 பிக்சலும் செரிஃபும். பொத்தான், படிவம், பட்டியல், விலை எல்லாவற்றுக்கும் சான்ஸ். இதில் தயக்கமே வேண்டாம்.

எது எடுத்தாலும் வரி உயரத்தை (எழுத்தளவின் மடங்காகக் குறிக்கப்படுவது) மாற்றியாக வேண்டும். ஆங்கில வார்ப்புருக்கள் 1.4, 1.5 என்று வைத்திருக்கும். மேல்வரியின் ‘மூ’, ‘ழு’ கீழ்வரியின் ‘கீ’, ‘ஷீ’ மேல் இடிக்கும். பத்திக்கு 1.7, ஒரே வரியில் முடியும் தலைப்புக்கு 1.4 போதும்.

தடித்த எழுத்தில் பலர் தவறுகிறார்கள். 400 எடையை (சாதாரணத் தடிமன்) மட்டும் ஏற்றிவிட்டால் உலாவி தானே கோட்டைத் தடிக்க வைக்கும். செரிஃபில் சுழிகள் அடைபட்டு ‘ண’வும் ‘ன’வும் குழம்பும். 700 எடையையும் (தடித்த எழுத்து) சேர்த்து ஏற்றுங்கள். சாய்வெழுத்தைத் தமிழுக்குத் தவிர்ப்பதே நல்லது.

செரிஃபுக்கு இணையாக ஜார்ஜியா என்ற ஆங்கில எழுத்துருவை எழுத்துருப் பட்டியலில் முதலில் எழுதினால் எண்களும் அதிலிருந்தே வரும். அதில் 3, 4, 5, 7, 9 கீழே இறங்கும். 6, 8 மேலே ஏறும். தமிழ் வரிக்குள் ‘₹1,590’ தள்ளாடும். அந்த இடத்தில் நோட்டோ செரிஃபின் ஆங்கில எழுத்துருவை வைத்தால் எண்கள் ஒரே உயரத்தில் நிற்கும்.

கோப்பின் அளவைக் குறைக்க எழுத்துருவிலிருந்து வேண்டாத எழுத்துகளை வெட்டும்போது, எழுத்து வடிவம் மாற்றும் விதிகளையும் சேர்த்து வெட்டிவிடாதீர்கள். விதி போனால் ‘கு’, ‘டு’, ‘மூ’ கூடாமல் குறி தனியே தொங்கும். வெட்டிய கோப்பில் ‘ஸ்ரீ க்ஷ கூ ஞூ ணை ட்டு டீ’ என்று ஒரு வரி இட்டு, விண்டோஸிலும் ஆண்ட்ராய்டிலும் பார்த்த பிறகே தளத்தில் ஏற்றவும்.