கேம்பர் வண்டிக்கு ட்யூபுலரா, ஏஜிஎம்மா, லித்தியமா? கடலூர் உப்புக்காற்றில் ஓட்டிப் பார்த்த அலசல்

பிக்கப் வண்டிக்குப் பின்னால் பெட்டி கட்டி, உள்ளே படுக்கையும் சின்ன ஃப்ரிட்ஜும் ஃபேனும் வைத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறவர்கள் எங்கே சந்தித்தாலும் பேச்சு ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும்: “ராத்திரி முழுக்க பேட்டரி தாங்குதா?” தாங்கவில்லை என்றால் உடனே அடுத்த கேள்வி, எந்த பேட்டரிக்கு மாறலாம் என்பது. நானும் அப்படித்தான் மாறினேன். அந்தப் பணம் வீண் என்று பரங்கிப்பேட்டையில்தான் புரிந்தது.

அன்னங்கோயில் பக்கம் சித்திரை வெயிலில் வண்டியை நிறுத்தியிருந்தோம். இரவு இரண்டு மணிக்கு ஃப்ரிட்ஜ் நின்றுவிட்டது. கூட வந்த மச்சினன் எழுந்து, “மாமா, புது பேட்டரியும் போச்சா?” என்றான். மீட்டரை எடுத்து பேட்டரி முனையில் வைத்தேன்; 12.4. ஃப்ரிட்ஜ் சாக்கெட்டில் வைத்துவிட்டு கம்ப்ரஸர் எடுக்கும் நேரத்தில் பார்த்தால் 10.9. நடுவில் ஒன்றரை வோல்ட் எங்கேயோ போய்விட்டது. ஃப்ரிட்ஜ் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள கட் ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். விடிந்ததும் பெட்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தோம். சேஸிஸில் எர்த் பிடித்த போல்ட் வெளியில் பளிச்சென்று இருந்தது. வயர் முனையில் மாட்டியிருக்கும் செப்பு வளையத்தை, அதாவது லக்கை, விரலால் திருகினால் சுற்றியது. உள்ளிருந்து பச்சைக் களிம்பு பொடிப்பொடியாகக் கொட்டியது. அதே புகாருக்காக இரண்டு மாதம் முன்புதான் பேட்டரியை மாற்றியிருந்தேன்.

அதனால் என் ஒப்பீடு பேட்டரியில் தொடங்குவதில்லை. லோடு ஓடும்போது பேட்டரி முனையில் ஒரு அளவு, கருவியின் முனையில் ஒரு அளவு. இரண்டுக்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கோளாறு வயரிலோ லக்கிலோ ஃபியூஸ் ஹோல்டரிலோ இருக்கிறது. கடலோரத்தில் முதல் சந்தேகம் எர்த் மேல்தான். இது சரியாக இருந்த பிறகுதான் கீழே உள்ள சண்டைக்கே அர்த்தம்.

இன்வெர்ட்டருக்கு வைக்கிற ட்யூபுலர் பேட்டரி எந்தத் தெருவிலும் கிடைக்கும், பழையதைக் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். ஆனால் கொள்ளளவு 150 ஏஹெச் (ஆம்பியர்-மணி) என்றால் எடை 50 கிலோவைத் தாண்டும். பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் குறையும் என்பதால் கைக்கு வருவது 75 ஏஹெச்தான். வீட்டு மூலையில் அசையாமல் நிற்கச் செய்த பொருள். வேகத்தடையில் ஆசிட் தளும்பும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும். படுத்துத் தூங்குகிற பெட்டிக்குள் அதைத் திறந்து வைக்கவே கூடாது, வெளிக்காற்றோடு தனி அறை வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு, கோளாறு பார்க்க இதைப்போல் வசதியான பேட்டரி இல்லை. லோடையும் சார்ஜையும் நிறுத்தி இரண்டு மணி நேரம் விட்டு அளந்தால் 12.7 நிறைவு, 12.4 முக்கால், 12.2 பாதி, 12.0 என்றால் கால்தான் மிச்சம். மூடியைத் திறந்து ஆசிட் அடர்த்தி பார்க்கும் ஹைட்ரோமீட்டரை ஒவ்வொரு செல்லாக விடலாம். ஐந்து செல் 1.250 காட்டி ஒன்று மட்டும் 1.150 காட்டினால் குற்றவாளி கண்ணெதிரே நிற்கிறது. தன் வியாதியை இவ்வளவு வெளிப்படையாகச் சொல்கிற பேட்டரி வேறு கிடையாது.

இதன் தொல்லை வேறு இடத்தில். கடைசி இருபது சதவீதம் ஏறப் பல மணி நேரம் பிடிக்கும். கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர். போய் வந்தாலும் நிறையாது. இப்படி அரைகுறையாகவே வாரக்கணக்கில் கிடந்தால் தகட்டில் சல்பேட் படிந்து இறுகிவிடும். “பேட்டரி சீக்கிரம் போயிடுச்சு” என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி இந்தப் பட்டினிதான்.

ஏஜிஎம் என்பது ஆசிட் கண்ணாடி நார் விரிப்பில் ஊறியிருக்கும், சீல் செய்த ஈய பேட்டரி. அதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. தண்ணீர் ஊற்ற வேண்டாம், தளும்பாது, வோல்ட்டேஜ் கணக்கு கொஞ்சம் கூடுதலாக அதே மாதிரி. பாதிக்கு மேல் எடுக்கக்கூடாது என்பதும் அதேதான். உள்ளே பார்க்க வழியில்லை என்பதால் லோடு டெஸ்ட் ஒன்றுதான் கதி. ஓவர்சார்ஜில் காய்ந்துபோனால் திரும்ப நனைக்க முடியாது. ஈய பேட்டரி எதுவானாலும் 25 டிகிரிக்கு மேல் சுமார் பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதி என்பது பழைய கணக்கு. நம் மே மாதத்தில் பூட்டிய பெட்டிக்குள் அது தினசரி நடக்கிறது.

லித்தியம் என்று நான் சொல்வது எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகையை. 100 ஏஹெச் பன்னிரண்டு கிலோவுக்குள் முடிந்துவிடும், எண்பது வரை பயமில்லாமல் எடுக்கலாம், அரைகுறையாகக் கிடந்தாலும் கெடாது. நம்மைப்போல் குறைந்த தூரம் ஓட்டி நீண்ட நேரம் நிறுத்துகிறவர்களுக்கு இந்தக் கடைசி குணம் பெரிய வரம்.

ஆனால் கோளாறு பார்க்க வந்தால் பழைய பழக்கமெல்லாம் கைவிட்டுவிடும். நிறைவுக்குப் பக்கத்தில் 13.3, பாதிக்குக் கீழே இறங்கியும் 13 அருகிலேயே நிற்கும். வோல்ட்மீட்டரை வைத்து மிச்சம் எவ்வளவு என்று சொல்லவே முடியாது; மைனஸ் வயரில் கரண்ட்டை அளக்கும் ஷன்ட் போட்டு ஏஹெச் எண்ணுகிற மீட்டர் வேண்டும். அடுத்தது பிஎம்எஸ், பேட்டரிக்குள்ளேயே இருக்கும் காவல் சர்க்யூட். அளவுக்கு மேல் இறங்கினாலோ சூடானாலோ லோடு அதிகமானாலோ அது உள்ளேயே துண்டித்துவிடும். அப்போது மீட்டரில் பூஜ்யம் காட்டும், பேட்டரி செத்ததுபோலவே இருக்கும். பதற வேண்டாம். எல்லா லோடையும் கழற்றி, லித்தியம் மோட் உள்ள சார்ஜரைக் கொடுத்தால் பெரும்பாலும் விழித்துக்கொள்ளும். மிக்ஸி போட்டதும் எல்லாம் அணைந்தால் பிஎம்எஸ்ஸின் ஆம்பியரைப் பாருங்கள். 1000 வாட் இன்வெர்ட்டர் முழு லோடில் 12 வோல்ட் பக்கம் 90 ஆம்பியர் வரை இழுக்கும். 50 ஆம்பியர் பிஎம்எஸ் அதற்கு மசியாது.

அப்புறம், வண்டி ஓடும்போது சார்ஜ் ஏற்றும் வழி. என் அனுபவத்தில் பேட்டரி வகையைவிட இதுதான் அதிகம் முடிவு செய்கிறது. ஒரு பக்கம் ரிலே, அதாவது வோல்ட்டேஜ் ஏறினால் இன்ஜின் பேட்டரியையும் பெட்டியின் பேட்டரியையும் இணைத்து, இறங்கினால் விடுகிற சுவிட்ச்; இன்னொரு பக்கம் டிசி-டிசி சார்ஜர்.

ரிலே மலிவு, எந்த ஆட்டோ எலக்ட்ரிஷியனும் கோத்துக் கொடுப்பார். பிரச்சினை வயரில். இன்ஜினிலிருந்து பெட்டிக்கு ஐந்து மீட்டர், போக வர பத்து. 6 சதுர மில்லிமீட்டர் செப்பு வயரில் 30 ஆம்பியர் ஓடினால் 0.9 வோல்ட் வழியிலேயே கரையும். ஆல்டர்னேட்டர் 14.2 கொடுத்தாலும் பேட்டரிக்குப் போய்ச் சேருவது 13.3, ஈய பேட்டரி அதில் நிறையவே நிறையாது. 25 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு 0.2 வோல்ட்தான். லித்தியத்தோடு ரிலே வைத்தால் தொல்லை தலைகீழ்: அது வாங்குகிற வேகத்துக்கு ஆல்டர்னேட்டர் சூடேறும். 12.8-இல் விடுகிற ரிலே, 13.2-இல் நிற்கிற லித்தியத்தைப் பார்த்து இன்ஜின் ஓடுவதாக நினைத்து விடாமல் பிடித்துக்கொள்ளும். காலையில் செல்ஃப் எடுக்கவில்லை என்றால் இதையும் பாருங்கள். பிஎஸ் 6 வண்டிகள் சிலவற்றில் டீசல் மிச்சம் பிடிக்க ஆல்டர்னேட்டர் தானாகவே வோல்ட்டேஜைக் குறைக்கும். அங்கே ரிலே நடுவழியில் விட்டுவிடும்.

டிசி-டிசி சார்ஜர் எவ்வளவு வந்தாலும் அதை உயர்த்தி பேட்டரிக்கு வேண்டியதைக் கொடுக்கும், ஆம்பியரையும் கட்டுக்குள் வைக்கும். ஏறவில்லை என்றால் கீ-ஆன் லைன் (சாவி போட்டால் கரண்ட் வரும் வயர்) வருகிறதா என்று முதலில் பாருங்கள், பிறகு உள்ளே வரும் வோல்ட்டேஜை. ஒல்லியான வயர் இதையும் விட்டு விட்டு நிற்க வைக்கும்.

சரி, எதை வாங்குவது? இரண்டு மூன்று நாள் ஓரிடத்தில் நிறுத்துகிறவர் என்றால் லித்தியமும் 20 ஆம்பியர் டிசி-டிசியும். இன்று நான் வைத்திருப்பது அதுதான். வாரக்கடைசியில் ஒரே ஓர் இரவு, நடுவில் நூறு கிலோமீட்டராவது ஓட்டம் என்றால் ஏஜிஎம், ரிலே, தடித்த வயர் போதும். ட்யூபுலரை வண்டியில் வைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அந்த ஹைட்ரஜனை நினைத்தே.

எதை வைத்தாலும் சேஸிஸை நம்பாமல் மைனஸுக்குத் தனி வயர் பேட்டரி வரை இழுங்கள். வெள்ளீயம் பூசிய செப்பு வயர், உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க், முனைகளில் வாசலின். இரண்டு பேட்டரியின் ப்ளஸ் பக்கத்திலும் ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ். கூரையில் 200 வாட் சோலார் இருந்தால் நல்ல வெயிலில் நாளைக்கு 60 ஏஹெச் கிடைக்கும், ஃப்ரிட்ஜுக்குச் சரியாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். மழை விட்டதும் நான் செய்கிற முதல் வேலை, ஒரு துணியோடு பெட்டிக்கு அடியில் போய் ஒவ்வொரு லக்கையும் விரலால் திருகிப் பார்ப்பது.