பெங்களூரு – சான் பிரான்சிஸ்கோ: கிழக்கே போவதா, மேற்கே போவதா?

தங்கைக்குப் பிரசவ நேரம். பெங்களூரு அல்சூரில் இருக்கும் அம்மாவை சான் பிரான்சிஸ்கோவுக்கு அனுப்ப டிக்கெட் தேடினேன். எது குறைந்த கிலோமீட்டரோ அதுதான் சீக்கிரம் போய்ச் சேரும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை.

நேர்கோட்டில் அளந்தால் சுமார் 14,000 கிலோமீட்டர். 2021 ஜனவரியில் ஏர் இந்தியா இந்தத் தடத்தில் இடைநிற்காத விமானம் தொடங்கியது. ஏறக்குறைய 17 மணி நேரம். உங்கள் தேதிக்கு அப்படி ஒன்று கிடைத்தால் வேறு யோசனை வேண்டாம்.

கிடைக்காவிட்டால் கிழக்கே சிங்கப்பூரில் அல்லது மேற்கே ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட்டில் விமானம் மாற வேண்டும். நியூயார்க் வழியை நான் உடனே தள்ளிவிட்டேன். அமெரிக்காவில் முதலில் இறங்கும் ஊரிலேயே குடியேற்றச் சோதனை முடித்து, பெட்டியை எடுத்து, மறுபடி போட வேண்டும். தனியாகப் போகும் பெரியவர்களுக்கு அது பெரும்பாடு.

சிங்கப்பூர் வழி சுமார் 16,800 கிலோமீட்டர், பிராங்க்ஃபர்ட் வழி 16,500. ஆனால் போகும்போது வானில் இருக்கும் நேரம் சிங்கப்பூர் வழியில் பத்தொன்பதரை மணியை ஒட்டி. பிராங்க்ஃபர்ட் வழியில் இருபத்தொன்றரை. தூரம் கூடியும் நேரம் குறைகிறது. காரணம் காற்று. விமானம் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வேகமான காற்றோட்டம் உண்டு. பசிபிக் மேல் கிழக்கே பறந்தால் அது முதுகில் தள்ளும். அட்லாண்டிக் மேல் மேற்கே பறந்தால் எதிரே நிற்கும். 2016-இல் ஏர் இந்தியாவின் டெல்லி – சான் பிரான்சிஸ்கோ விமானம் அட்லாண்டிக்கை விட்டு பசிபிக் பக்கம் திரும்பியது. சுமார் 1,400 கிலோமீட்டர் கூடுதல், ஆனாலும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் மிச்சம்!

திரும்பி வரும்போது கணக்கு தலைகீழ். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து சிங்கப்பூர் வரவே பதினேழு மணி ஆகலாம். பிராங்க்ஃபர்ட் வழியாக வந்தால் பறப்பது மொத்தம் பத்தொன்பதரை மணிதான்.

அதனால் அம்மாவுக்குப் போகும்போது சிங்கப்பூர், வரும்போது பிராங்க்ஃபர்ட் என்று முடிவு செய்தேன். இரண்டு தடவையும் கிழக்கே. வீடு திரும்பும்போது அம்மா பூமியை ஒரு சுற்று சுற்றி முடித்திருப்பார். தமிழ் ஆட்சிமொழியாக இருக்கும் ஊர் வழியில் வருவதும் எனக்குத் தெம்பாக இருந்தது.

ஒரு சிக்கல் உண்டு. சிங்கப்பூருக்கு அப்பால் ஒரே மூச்சில் பதினைந்து மணி உட்கார வேண்டும். கால் வீங்குபவர்களுக்கும் மூட்டு வலிக்காரர்களுக்கும் போகும்போதும் பிராங்க்ஃபர்ட்டே நல்லது. பத்து மணி நேரத்துக்குப் பிறகு இறங்கி நடக்கலாம். இரண்டு மணி நேரம் போனால் போகட்டும்.

எந்த வழியானாலும் இரண்டு விமானமும் ஒரே பி.என்.ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில் இருக்கட்டும். பெட்டி நேரே போய்ச் சேரும், முதல் விமானம் தாமதமானால் அடுத்ததில் ஏற்றிவிடும் பொறுப்பும் அவர்களுடையது. நடைபாதை ஓர இருக்கையும் சக்கர நாற்காலியும் டிக்கெட் போடும்போதே கேட்டுவிடுங்கள். இடைவேளை மூன்று மணிக்குக் குறைய வேண்டாம்.