உணவகத் தட்டில் எந்த மீன்: பிடித்ததா, வளர்த்ததா?

கடலிலும் ஆற்றிலும் தானாக வளர்ந்த மீனை உணவகங்கள் அறவே கைவிட வேண்டும் என்கிறது ஒரு தரப்பு. முறையாகப் பிடித்த மீனை நல்ல விலைக்கு வாங்குவதே அந்த மீனைக் காக்கும் என்கிறது மறுதரப்பு. ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பின் 2024ஆம் ஆண்டு அறிக்கைப்படி, மதிப்பிடப்பட்ட கடல் மீன் இருப்புகளில் (ஒரு கடற்பரப்பில் வாழும் ஓர் இன மீன்களின் தொகுதியே ஓர் இருப்பு) 37.7 விழுக்காடு அளவுமீறிப் பிடிக்கப்பட்டவை.

கைவிடச் சொல்வோருக்கு ஒரு நல்ல சான்று இருக்கிறது. 1998இல் அமெரிக்கச் சமையற்கலைஞர்கள் பலர் வட அட்லாண்டிக் வாள்மீனை உணவுப் பட்டியலிலிருந்து நீக்கினர். 1999இல் அதற்குப் பத்தாண்டு மீட்புத் திட்டம் வகுக்கப்பட்டது. 2009இல் அந்த இருப்பு மீண்டுவிட்டதாக மதிப்பிடப்பட்டது. அவர்கள் எல்லாக் கடல்மீனையும் ஒதுக்கவில்லை, ஓர் இனத்தை, ஒரு கடற்பரப்பை மட்டுமே ஒதுக்கினார்கள் என்பதையே நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

வளர்ப்பு மீனுக்கு மாறிவிட்டால் கடல் பிழைக்கும் என்ற வாதம் மீனுக்கு மீன் வேறுபடுகிறது. சிப்பிக்கும் மட்டிக்கும் தீவனமே வேண்டாம். அவை நீரை வடிகட்டி உண்டு வளர்பவை. வளர்ப்புச் சால்மனுக்கோ, சோயா முதலியவற்றின் பங்கு கூடிவந்த பிறகும், மீன்தூளும் மீன் எண்ணெயும் தேவைப்படுகின்றன. அவற்றில் ஒரு பங்கு பெருவின் கடலில் பிடிபடும் நெத்திலி வகையிலிருந்து வருகிறது. கடலில் மிதக்கும் வலைக் கூண்டுகளிலிருந்து பரவும் ஒட்டுண்ணிப் பேன்களால், அவ்வழியே கடலுக்குச் செல்லும் இயற்கைச் சால்மன் குஞ்சுகளும் பாதிக்கப்படுகின்றன.

முறையாகப் பிடிப்பது என்றால் என்ன என்பதற்கு அலாஸ்காவின் பிரிஸ்டல் விரிகுடாவைக் காட்டலாம். அங்கே ஆற்றின் இரு கரைகளிலும் கோபுரம் அமைத்து, மணிக்குப் பத்து நிமிடம் என்ற கணக்கில், முட்டையிட மேலேறும் சாக்கை சால்மன்களைக் கண்ணால் பார்த்து எண்ணுகிறார்கள். போதிய மீன்கள் ஆற்றேறிவிட்டன என்று உறுதியாகத் தெரிந்தால் மீன்பிடிப்பைத் திறந்துவிடுகிறார்கள், குறைந்தால் அன்றைக்கே மூடிவிடுகிறார்கள். அந்த ஆறுகளின் தலைப்பகுதியில் திட்டமிடப்பட்ட பெப்பிள் சுரங்கத்தை எதிர்த்து நின்றவர்களில் மீனவர்களும், அவர்களிடம் மீன் வாங்கிய சமையற்கலைஞர்களும் இருந்தார்கள். 2023 ஜனவரியில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அத்திட்டத்துக்குத் தடை விதித்தது. அந்த மீனை வாங்க ஆள் இல்லாதிருந்தால், ஆற்றுக்காகப் பேச இத்தனை பேர் திரண்டிருப்பார்களா என்பது ஐயமே.

இதற்கு நேர்மாறு நியூஃபவுண்ட்லாந்தின் காட் மீன். பிடிப்பு வரம்பை உயர்வாகவே வைத்திருந்த கனடா, 1992இல் அந்த மீன்பிடிப்பையே நிறுத்த நேர்ந்தது; சுமார் 30,000 பேர் வேலையிழந்தனர். ஆகவே என் தேர்வு பிரிஸ்டல் விரிகுடா வழிதான், எண்ணிக்கை நடக்கும் நீர்களுக்கு மட்டும். ஆரஞ்சு ரஃபி போன்ற ஆழ்கடல் மீன், முட்டையிடும் பருவத்தை எட்டவே இருபது, முப்பது ஆண்டுகள் ஆகின்றன. அதை ஓர் உணவகம் நாள்தோறும் பரிமாறுவதை எந்த ஏற்பாட்டாலும் நியாயப்படுத்த முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.