பெங்களூரு கடல் மீன் கடை: மீனும் உப்பும் வாங்கலாம், பின்னறைப் பவளம் வேண்டாம்

பெங்களூருவின் கிழக்குப் பக்கத்தில், வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கும் கடல் மீன்களையும் அதற்கான பொருட்களையும் விற்கும் கடை. கல்லாவிலும் தொட்டிகள் பக்கமும் தமிழ் பேசும் பையன்கள்தான். கேட்டதற்குப் பொறுமையாகப் பதில் சொல்கிறார்கள். கடையின் பெயரைப் போடவில்லை. அங்கே பின்னறையில் இருப்பதை வேறு எந்தக் கடையில் பார்த்தாலும் வாங்குகிறவருக்கு அடையாளம் தெரிய வேண்டும், அதற்காகத்தான் இந்த விமர்சனம்.

முன்னறையில் குறை சொல்ல அதிகம் இல்லை. க்ளௌன் மீன்கள் தொட்டியிலேயே முட்டையிலிருந்து வெளிவந்து வளர்ந்தவை. பெல்லட் தின்பதைக் காட்டிவிட்டுத்தான் பையில் பிடிக்கிறார்கள். புது மீனை இரண்டு வாரம் தனியே வைத்துப் பார்க்கிறார்கள். போர்வெல் தண்ணீரில் உப்பைக் கரைக்காதீர்கள் என்று அவர்களே சொல்லி, டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) 0 காட்டும், வடிகட்டிச் சுத்தமாக்கிய ஆர்ஓ-டிஐ தண்ணீரைக் கேனில் தருகிறார்கள். உப்பின் அளவு பார்க்கும் ரெஃப்ராக்டோமீட்டரை வெறும் தண்ணீரில் சரிபார்ப்பதோடு விடாமல், 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) கரைசலையும் விட்டுப் பார்த்துக் கொடுப்பது நல்ல பழக்கம். இதைச் செய்யாவிட்டால் கருவி 35 காட்டும்போது தொட்டியில் 32 இருக்கலாம். கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மருக்கு இம்பெல்லர், ஓ-ரிங் போன்ற உதிரிகளும் கிடைக்கின்றன.

பின்னறையில் நீல விளக்கின் கீழே ஹேமர், டார்ச், ப்ரெயின், ஆக்ரோ. எல்லாமே கல் கட்டும் பவளங்கள், சுருக்கமாகக் கல்பவளம். "அண்ணா, இதெல்லாம் நம்ம டேங்க்லயே வெட்டி வளர்த்த ஃப்ராக்" என்கிறார்கள். ஆக்ரோவின் அடியைப் பாருங்கள். தொட்டியில் வளர்ந்ததென்றால், பசை வைத்த இடத்தைத் தாண்டிச் சதை படர்ந்து ப்ளக்கின் (துண்டை ஒட்டும் சிறு அடிக்கட்டை) விளிம்பை மூடியிருக்கும். இங்கே பசைக்கோடு அப்படியே பளிச்சென்று தெரிகிறது. அதாவது ஒட்டிச் சில நாட்கள்தான் ஆகியிருக்கிறது. ஹேமரின் தடித்த காம்பைத் திருப்பினால், அடியில் உளி பட்டு உடைந்த வெள்ளை முகம், அதன் ஓரத்தில் குழாய்ப்புழு வீடுகள், காய்ந்த கடற்பஞ்சு, சிறு சிப்பி. ப்ளக்கில் வளர்ந்த துண்டில் இத்தனையும் சேர்ந்து வராது. கடலில் முருகைக்கல்லிலிருந்து பெயர்த்தெடுத்தது அது.

பெயர்த்தது எந்தக் கடலில் என்பது சட்டத்துக்கு முக்கியமில்லை. பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும் 2001 ஜூலையில் வன உயிர் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணை 1-இல் சேர்க்கப்பட்டன. கருப்புப் பவளம், ஆர்கன் பைப், ஃபயர் கோரல், கடல் விசிறி ஆகியவையும்தான். புலி இருக்கும் அதே அட்டவணை. 'வெளிநாட்டுச் சரக்கு', 'வீட்டில் வெட்டியது' என்று அதில் விலக்கு எழுதியிருக்கவில்லை. 2022 திருத்தத்துக்குப் பின் குறைந்தபட்சம் 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. விற்கிறவருக்கு மட்டும் பொருந்துகிற சட்டம் என்று எண்ணி வாங்கிவிடாதீர்கள்.

கடைக்காரர் காட்டும் காகிதத்தையும் படியுங்கள். அழியும் ஆபத்துள்ள உயிர்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் பின்னிணைப்பு 2-இல் கல்பவளம் இருப்பதால், நாடு விட்டு நாடு போக ஏற்றுமதி அனுமதி வேண்டும். அந்த அனுமதி அதிகபட்சம் 6 மாதம்தான் செல்லும். இவர்கள் நீட்டியது நகலின் நகல். தேதி எப்போதோ காலாவதி. எந்தப் பேரினம், எத்தனை துண்டு என்ற கட்டங்களைத் தொட்டியில் இருப்பதோடு ஒப்பிட்டால் ஒன்றுக்கொன்று ஒட்டவே இல்லை. பில்லில் 'டெக்கரேஷன் கல் - 1' என்று போடுகிறார்கள். நேர்மையான சரக்குக்கு இந்தப் பெயர் எதற்கு?

முறையாக அனுப்புகிறவர்கள் பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரும் மீதி ஆக்சிஜனும் நிரப்பி, பவளத்தைத் தெர்மோகோல் துண்டில் கட்டித் தலைகீழாக மிதக்கவிடுவார்கள். சதை பையில் உரசாது. பெட்டிக்குள் துணியோடு ஒளித்து வருவதற்கு அந்த இடமும் கவனிப்பும் கிடையாது. இருட்டு, சூடு, அதுவே கக்கும் சளி, ஏறும் அம்மோனியா. ஹேமர், டார்ச் வகைக்கு இதன் விளைவு ப்ரௌன் ஜெல்லி: தலையின் மேல் பழுப்புக் கூழ், பக்கத்தில் போனாலே நாற்றம், ஓரிரு நாளில் ஒரு தலை கரைந்துவிடும். தொட்டியில் நீரோட்டம் தரும் பவர்ஹெட் மோட்டார் அந்தக் கூழைச் சிதறடித்து அடுத்த தலைக்கும் கொண்டுபோகும். கடையில் ஒரு ஹேமரின் இரண்டு தலைகள் இப்படித்தான் கரைந்துகொண்டிருந்தன. பக்கத்திலிருந்த டார்ச்சை யாரும் நகர்த்தியிருக்கவில்லை. பருத்த வகைப் பவளம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் வளரும். கைப்பிடி அளவுக் கல் உருவான காலத்தையும் இங்கே அது சாகும் வேகத்தையும் சேர்த்து நினைத்தால் மனம் ஆறவில்லை.

முன்னறையில் விற்கும் லைவ் ராக்கும் (நுண்ணுயிர் படிந்த கடல் கல்) பவள எலும்புதான். சைட்டிஸ் அதையும் கல்பவளக் கணக்கில்தான் வைக்கிறது. அதற்குப் பதில் செராமிக் கல் வாங்குங்கள், இதே கடையில் இருக்கிறது. லிட்டருக்கு 36 முதல் 38 கிராம் உப்பு கரைத்து, புட்டி பாக்டீரியா ஊற்றி, அம்மோனியாவும் நைட்ரைட்டும் 0 ஆகும்வரை மீன் விடாமல் 4 முதல் 6 வாரம் பொறுங்கள். பெங்களூரு குளிருக்குப் பல மாதங்கள் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் தேவைப்படாது, சம்ப் (மீன் தொட்டியோடு இணைந்த வடிகட்டித் தொட்டி) மேல் ஒரு ஃபேன் போதும். ஆனால் ஆவியாகும் தண்ணீரை ஈடுகட்டத் தினமும் ஆர்ஓ தண்ணீர் ஊற்ற வேண்டும், உப்புத் தண்ணீர் அல்ல.

அசையும் உயிர் ஒன்று வேண்டும் என்பவர்களுக்கு பவளத்துக்கு உறவான, கல் கட்டாத மஷ்ரூமும் ஸோவாவும் இருக்கின்றன; இவை அட்டவணை 1-இல் இல்லை. வெளியிலிருந்து வந்தவையானால் அவற்றுக்கும் இறக்குமதி அனுமதியைக் கேளுங்கள். ஸோவாவைக் கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் வெட்டாதீர்கள். சிலவற்றில் பாலிடாக்ஸின் என்ற கொடிய விஷம் உண்டு. ஸோவா ஒட்டிய கல்லை வெந்நீரில் போட்டால் ஆவியோடு அது மூச்சில் ஏறும்.

ஏற்கெனவே கல்பவளம் வாங்கி வைத்திருப்பவர்கள் அதை ஏரியிலோ கடலிலோ விடாதீர்கள். துண்டு வெட்டி நண்பருக்குக் கொடுப்பதும் கைமாற்றுவதுதான். கர்நாடக வனத்துறையிடம் நேராகப் போய்ச் சொல்லுங்கள், போகும் முன் ஒரு வழக்கறிஞரிடம் பேசிவிடுங்கள். கடை பற்றிய தகவலை வன உயிர் குற்றத் தடுப்புப் பிரிவின் சென்னை மண்டல அலுவலகத்துக்குத் தெரிவிக்கலாம். 'டெக்கரேஷன் கல்' பில்லைக் கிழித்துவிடாமல் வைத்திருங்கள்.